குளவி பேச்சைக் கேட்ட மகனுக்கு

மகனே,

இந்தத் தோட்டத்து லயத்து வீடுகளில் யாருக்கு ஊர்க் கடிதம் எழுதிக் கொடுத்தாலும் "இவ்விடம் அனைவரும் சுகம், அவ்விடத்துச் சுகத்துக்குக் கடவுளை வேண்டுகிறோம்" என்று முதல் வரியில் போடுவது என் பழக்கம். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவனுக்கும் அதைத்தான் எழுதினேன், பெண்டாட்டியைப் புதைத்துவிட்டு வந்தவனுக்கும் அதைத்தான் எழுதினேன். உனக்கு எழுத உட்கார்ந்தபோது அந்த வரி கையில் வரவில்லை. இவ்விடம் நாங்கள் சுகமாக இல்லை. உன் சுகத்துக்கு நான் யாரையும் வேண்டிக்கொள்ளவும் இல்லை. அதனால் நேராகவே விஷயத்துக்கு வருகிறேன்.

நீ மறுபடியும் தாலி கட்டிய செய்தியை வீராசாமிதான் கொண்டுவந்தான். உன்னோடு ஒரே கப்பலில் போனவன். ரப்பர் விலை கொஞ்சம் தலைதூக்கியதும் ஊரிலிருந்து மறுபடி ஆட்களை மலாயாவுக்கு வரவிடுகிறார்கள் என்பது உனக்கே தெரியும். லாயாங் லாயாங் ஸ்டேஷனில் இறங்கியவன் தகரப் பெட்டியைத் தலையில் வைத்தபடி நேரே நம் வீட்டுக்குத்தான் வந்தான். உன் பெண்டாட்டி அஞ்சலை காப்பி கலந்து கொடுத்தாள். வாங்கிக் கீழே வைத்தான், குடிக்கவில்லை. உன்னைப் பற்றித்தான் ஏதோ கொண்டுவந்திருக்கிறான் என்று அவள் பால்வாளியைக் கழுவுவதுபோல வாசலிலேயே நின்றாள்.

"பெரியப்பா, ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று ஆரம்பித்தான். "உங்க மகன் ஊர்ல கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. தை மாசம், அம்மன் கோயில்ல. மாமன் வகையில பொண்ணு. நானும் போய்ச் சாப்பிட்டேன்."

"எதுக்குடா பண்ணிக்கிட்டான்? இங்க ஒருத்தி இருக்காளே" என்றேன்.

"இங்க நடந்தது எல்லாம் அவருக்குத் தெரிஞ்சு போச்சு பெரியப்பா."

"என்ன நடந்துச்சு?"

அவன் வாசலைப் பார்த்தான், பிறகு சுவரைப் பார்த்தான். "குளவி கட்டுச்சுல்ல" என்றான்.

அஞ்சலை வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அரிசி புடைக்கிற சத்தம்தான் கேட்டது. வீராசாமிக்கும் சேர்த்துத்தான் அன்று உலை வைத்தாள்.

ஆக, நீ ஒரு பூச்சியின் சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதியிருக்கிறாய். அந்தப் பூச்சி என்ன செய்தது, நாங்கள் என்ன செய்தோம் என்பதை நடந்தபடி உனக்குச் சொல்லிவிடுகிறேன். நம்புவதும் நம்பாததும் உன் பாடு. நீ நம்புவாய் என்ற எண்ணத்தில் இதை எழுதவில்லை. வளர்ந்த பிள்ளைக்குத் தகப்பன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ரப்பர் விலை விழுந்து ஆட்களை ஊருக்கு அனுப்பியபோது நீயும் கப்பலேறினாயே, அந்த மழைக்காலத்தில் என் காலில் அந்தப் புண் வந்தது. ரப்பர் காயவைக்கிற புகைவீட்டில் விறகு தள்ளும்போது கட்டை உருண்டு முழங்காலுக்குக் கீழே கிழித்தது, பிறகு ஆறவே இல்லை. வேலையை நிறுத்திவிட்டார்கள். அஞ்சலை விடியலில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் நின்று, பெயர் கொடுத்துவிட்டு ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போவாள். நான் காலை நீட்டிக்கொண்டு பலகைக் கட்டிலில் கிடப்பேன். உன் பழைய நீலச் சட்டையை அவள் துவைத்துக் கதவுக்கு எதிர்ச் சுவரில் ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். போட்டுக்கொள்ள ஆள் இல்லாத சட்டையை எதற்கு வாரா வாரம் துவைக்கிறாய் என்று கேட்டால், "பூஞ்சை பிடிச்சிரும் மாமா" என்பாள். அந்த ஆணிக்கு மேலேதான் குளவி வந்து உட்கார்ந்தது.

கறுப்புக் குளவி, வயிற்றில் மஞ்சள் வரி, இடுப்பு நூல்தான். குழாயடிச் சேற்றிலிருந்து மிளகு அளவு மண்ணை உருட்டி எடுத்துவரும். சுவரில் வைத்து அப்பும்போது மட்டும் உர்ரென்று ஒரு சத்தம் போடும், பறக்கும்போது அந்தச் சத்தம் கிடையாது. தேனீபோலக் கூட்டம் கிடையாது, துணை கிடையாது, ஒற்றை ஆள். எனக்கும் வேலை இல்லை, அதனால் பார்த்துக்கொண்டே கிடந்தேன். சாயங்காலம் அஞ்சலை வந்து பார்த்துவிட்டு விளக்குமாற்றை எடுத்தாள். சட்டையில் மண் விழுகிறது என்றாள்.

"வேணாம், விடு" என்று சொன்னவன் நான்தான்.

ஏன் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும், அதை உடைக்கக் கூடாது. உன் அம்மா உன்னை உண்டாகியிருந்தபோது பழைய லயத்தில் அரிசிப் பானைக்குப் பின்னால் கட்டியிருந்தது. அவள் அந்தப் பானையை நகர்த்தாமலே பத்து மாதமும் கையை வளைத்து அரிசி எடுத்தாள். உங்களுக்கோ கல்யாணமாகி ஆறு வருஷம், மடியில் ஒன்றும் இல்லை. மகன் திரும்பி வரப்போகிறான், அதற்குத்தான் இது முன்னாலேயே வந்து சொல்கிறது என்று நான் கணக்குப் போட்டேன். கிழவன் ஆசைக்கு அளவு ஏது? அஞ்சலையும் விளக்குமாற்றை வைத்துவிட்டாள். அவளும் அதே கணக்கைப் போட்டிருப்பாள், வாய்விட்டுச் சொல்லவில்லை. சட்டையை மட்டும் வேறு ஆணிக்கு மாற்றினாள்.

பக்கத்து வீட்டுக் காத்தாயி நெருப்பு வாங்க வந்தவள் சுவரைப் பார்த்தாள். உனக்குத் தெரியாதவளா? நல்லவள்தான், வாய்தான் எட்டூருக்குக் கேட்கும். "என்னடி அஞ்சலை, குளவி வீடு கட்டியிருக்கு, எங்ககிட்ட மூச்சே விடல?" என்று கையைத் தட்டிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. நீ போய் எத்தனை மாதம் ஆயிற்று என்று அவள் மனசுக்குள் எண்ணுவது முகத்தில் தெரிந்தது. நெருப்பை மறந்துவிட்டுப் போனாள். அப்புறம் மலாய்க்காரர்கள் குடியிருக்கிற கம்பத்திலிருந்து வாழைப்பழம் கொண்டுவரும் மலாய்க்காரம்மா வந்தாள். அவர்கள் இந்தக் குளவியை அங்குட் அங்குட் என்கிறார்கள். அவர்களுக்கும் இதே நம்பிக்கைதான். கூட்டைக் காட்டி, அஞ்சலையின் வயிற்றைக் காட்டி, "பாகுஸ், பாகுஸ்", நல்லது நல்லது என்று தலையை ஆட்டிவிட்டு ஒரு சீப்பு பழத்தைச் சும்மா கொடுத்துவிட்டுப் போனாள். அவள் நல்ல மனசோடு சொன்னாள். அதை நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மகனே, வதந்தி என்றால் யாரோ கெட்டவன் உட்கார்ந்து கிளப்புவது என்று நினைத்துவிடாதே. இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. குளவி கட்டியது நிஜம். குளவி கட்டினால் பிள்ளை என்பது எல்லாரும் பிறந்ததிலிருந்து கேட்டு வந்தது. புருஷன் ஊரில் இல்லை என்பதும் நிஜம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான். குளவி பொய் சொல்லும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. உனக்கும் தோன்றவில்லை.

கூட்டை அப்போதே உடைத்திருக்கலாமே என்று கேட்பாய். நானும் கேட்டேன். குழாயடியில் பேச்சு முற்றிய பிறகு ஒருநாள் கட்டிலைவிட்டு எழுந்து மண்வெட்டிக் காம்பை எடுத்தேன். அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப ஒடச்சா கலச்சுட்டான்னு சொல்லுவாங்க மாமா. அது பாட்டுக்கு இருக்கட்டும். பத்து மாசம் போனா வயித்தப் பாத்துட்டுத் தன்னால வாய மூடிக்குவாங்க."

அவள் சொன்னதில் எவ்வளவு புத்தி இருக்கிறது பார். அன்றிலிருந்து சேலையை வயிற்றில் ஒட்ட இழுத்து, இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனாள். முந்தானையை முன்னால் விடுவதில்லை. எல்லாரும் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து நிற்பாள். குழாயடியில் பெண்கள் கூடுகிற நேரம் பார்த்துத்தான் தண்ணீருக்குப் போவாள். மற்றவள் என்றால் முகத்தை மறைத்துக்கொண்டு ஆள் இல்லாத நேரத்துக்குப் போயிருப்பாள். இவள் வயிற்றைக் காட்டுவதற்கென்றே போனாள். அந்தக் கூடு சுவரில் இருந்துகொண்டே இருக்க வேண்டும், பிள்ளை பிறக்காமலே இருக்க வேண்டும், அதுதான் அவளுக்குச் சாட்சி. மலடி என்று உன் சொந்தக்காரர்கள் சொன்னபோது எந்த வயிற்றைப் பார்த்து அழுதாளோ, அதே வயிறு காலியாகவே இருக்க வேண்டும் என்று மாரியம்மனுக்கு விளக்குப் போட்டாள்.

அதுகூடக் கொடுத்துவைக்கவில்லை. காய்ச்சல் காலம் வருகிறது, லயத்துக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று துரை உத்தரவு போட்டார். அன்று நான் புண்ணுக்குக் கட்டுப்போட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன், அஞ்சலை மலைக்காட்டில் வேலையில் இருந்தாள். வெள்ளையடிக்கிற ஆட்கள் வந்தார்கள், சுவரைச் சுரண்டினார்கள், அடித்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? சிலந்தி வலை, கரையான் மண், குளவிக் கூடு எல்லாம் ஒன்றுதான். அஞ்சலை திரும்பி வந்தபோது சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. எனக்கு முன்னால் வந்துவிட்டாள். நான் தடியை ஊன்றிக்கொண்டு வாசலேறியபோது அவள் பால்வெட்டுக் கத்தியைக்கூடக் கீழே வைக்காமல் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூட்டின் ஒரு துண்டு தரையில் கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்து உடைத்துப் பார்த்தேன். குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து அடைத்துவைத்துக் கொட்டும், கொட்டக் கொட்ட அந்தப் புழுவே குளவியாகிவிடும் என்று என் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறேன். உனக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தபோது அதைச் சொல்லிச் சொல்லித்தான் உன் மண்டையில் குட்டினேன். உன் அம்மா தடுத்தால், "புழு சும்மா குளவியாகுமா?" என்று அவளையும் அடக்கினேன். அன்று உள்ளே பார்த்தால், பச்சைப் புழுக்கள் நாலைந்து அடுக்கிக் கிடந்தன. அவற்றின் நடுவே வெள்ளையாக வேறொரு சின்னப் புழு. அதுதான் குளவியின் குஞ்சு. பச்சைப் புழுவில் ஒன்றைப் பாதி தின்றிருந்தது. கொட்டினதால் ஒன்றும் எதுவாகவும் மாறவில்லை. இரையாகக் கிடந்தது, அவ்வளவுதான்.

அஞ்சலை குனிந்து பார்த்தாள். ஈர்க்குச்சியால் ஒரு பச்சைப் புழுவைத் தொட்டாள். கால் மாதிரி இருந்த ஒன்று லேசாக நடுங்கியது.

"உசுரோட இருக்கு மாமா" என்றாள். "எந்திரிக்கத்தான் முடியல."

அவள் அதை இலையில் அள்ளி வெளியே கொண்டுபோய் வைத்தாள். நான் அடித்து வளர்த்த பிள்ளை நீ. என்னைப்போல ஆவாய் என்று நினைத்து அடித்தேன். என் கையெழுத்து உனக்கு வந்திருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். வேறு எதுவும் வரவில்லை. உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதன் தலையில் கை வைக்காதே. பழமொழியை நம்பிக் குட்டாதே. இது உன் அப்பன் கண்ணால் பார்த்துச் சொல்வது.

கூடு போன மறுநாள் லயம் முழுக்கப் பேச்சு மாறிவிட்டது. கூட்டை இவர்களே சுரண்டிவிட்டு, வெள்ளையடித்தவன்மேல் பழி போடுகிறார்கள் என்றார்கள். கூட்டைக் கலைத்தவள் வயிற்றையும் கலைத்திருப்பாள் என்றார்கள். இறுக்கிக் கட்டிய சேலையும் இடுப்புக் கயிறும்கூட அவளுக்கு எதிராகவே திரும்பின. எதற்கு அப்படிக் கயிறு போட்டு இறுக்கினாள், இப்போது புரிகிறதா என்றார்கள். அவள் தட்டையான வயிற்றைக் காட்டிக்கொண்டு நடந்த நடையெல்லாம் வீண். இனிப் பத்து மாதம் போனாலும் சரி, பத்து வருஷம் போனாலும் சரி, அந்த வயிறு எதையும் நிரூபிக்காது.

காத்தாயி ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தாள். முந்தானைக்குள் இலையில் சுற்றிப் பூண்டு லேகியம் கொண்டுவந்திருந்தாள், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது. "நான் யார்கிட்டயும் சொல்லலடி. பச்ச உடம்பு, இதச் சாப்பிடு. காட்டுல ஈரத்துல நிக்காத" என்று அஞ்சலையின் தலையைத் தடவினாள். கண்ணில் தண்ணீர் விட்டாள். அவளைத் திட்டி அனுப்பலாம் என்றால் எந்த வார்த்தையைச் சொல்லித் திட்டுவது? சாப்பிட்டால் ஒப்புக்கொண்டதாகும், தூக்கி எறிந்தால் மறைப்பதாகும். அஞ்சலை வாங்கிக்கொண்டாள். காத்தாயி போனதும் என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, "உங்க காலுக்கு ஆகுமான்னு பாருங்க மாமா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும் வந்தது. நீ போன பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான். அந்தச் சிரிப்பும் சுவரைத் தாண்டிக் கேட்டிருக்கும், அதையும் என்னவோ சொல்லியிருப்பார்கள்.

இதற்குமேல் எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் நீ நம்பியதை நான் எழுதத்தான் வேண்டும். வயிறு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு ஆண்பிள்ளையும் வேண்டுமல்லவா? அந்த வீட்டில் ஆண் என்று யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். நரைத்த தலையும் சீழ் வடியும் காலுமாக நான் ஒருவன்தான் இருந்தேன். என் காதில் விழுந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு புகைவீட்டுத் தாழ்வாரத்துக்குப் போய்விட்டேன். உடனே, பார்த்தாயா, குற்றமுள்ள நெஞ்சு என்றார்கள். புண்ணோடு மழையில் கிடக்க முடியாமல் திரும்பி வந்தேன். அதற்கும் பார்த்தாயா என்றார்கள். அதற்குப் பிறகு போன கப்பலில் நம் தோட்டத்து ஆட்கள் கொஞ்சம் பேர் ஊருக்குத் திரும்பினார்கள். அவர்களுக்கெல்லாம் முன்கூட்டி வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான்தான். என்னிடம் ஒருவனும் இதைப் பற்றி ஒரு வரி எழுதச் சொல்லவில்லை. வாயிலேயே வைத்துக்கொண்டு போய் உன்னிடம் இறக்கிவிட்டார்கள்.

நீ என்ன சொன்னாய் என்று வீராசாமியைக் கேட்டேன். முதலில் மழுப்பினான். அப்புறம் சொன்னான். "ஒரே வீட்டுல விட்டுட்டு வந்தது என் தப்பு" என்று சொன்னாயாம். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம்.

பெண்டாட்டியைச் சந்தேகப்படுகிறவன் உலகத்தில் நிறையப் பேர். அதை நான் மன்னிக்க மாட்டேன், ஆனால் புரிந்துகொள்வேன். நீ என்னைப் பற்றியும் நம்பினாய். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இந்தத் தோட்டத்தின் காட்டுப் பாதையில் அட்டை கடிக்கக் கடிக்க நடந்தவன் நான். உன் அம்மா வயிற்றுப்போக்கில் கிடந்தபோது அவளுக்குப் பீ மூத்திரம் அள்ளியவள் அஞ்சலை. கோத்தா திங்கி பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த பெண், தாயும் தகப்பனும் ஒரே காய்ச்சலில் போய், போக்கிடம் இல்லாத பெண். "இவள அடுத்த வீட்டுப் பொண்ணுன்னு நெனைக்காதீங்க" என்று சாகும்போது உன் அம்மா சொன்னபோது நீ பக்கத்தில்தான் இருந்தாய். எங்கள் இரண்டு பேரையும் உனக்குத் தெரியும். குளவியை உனக்குத் தெரியாது. நீ குளவியை நம்பினாய். எனக்கு இது வலிக்கிறது, மகனே. காலில் இருப்பது வலியே இல்லை.

தகப்பன் கடிதம் என்றால் புத்தி சொல்ல வேண்டும். சொல்கிறேன். புதிதாக வந்தவள் ஒரு பாவமும் செய்யாதவள், எங்கள்மேல் உள்ள கோபத்தை அவள்மேல் காட்டாதே. அவளைவிட்டு எங்கேயாவது பிழைக்கப் போனால் திரும்பி வருவதற்கு ஒரு நாளைச் சொல்லிவிட்டுப் போ. "முதல்ல நான் போய்ப் பார்க்கிறேன், அப்புறம் உங்களக் கூப்பிடுறேன்" என்று எங்களிடம் சொன்னதுபோல அவளிடம் சொல்லாதே. அவளைப் பற்றி நாலு பேர் ஏதாவது சொன்னால், எவ்வளவு தூரமானாலும் போய் அவள் முகத்தைப் பார்த்து, ஒரு தடவை கேள். பொய்யே சொன்னாலும் அவள் வாயால் கேட்டுக்கொள். அவள் வீட்டிலும் குளவி கட்டும். எல்லா வீட்டிலும் கட்டும். சேறும் சுவரும் இருந்தால் போதும், அது வரும்.

இப்போது இங்கே என்ன நடக்கிறது என்றால், வேலைக்கு ஆகாத ஆட்களை ஊருக்கு அனுப்புகிறார்கள். கப்பல் செலவு அவர்களுடையது. என் பெயர் வந்துவிட்டது. ஊரில் மகன் இருக்கிறான், வைத்துப் பார்த்துக்கொள்வான் என்று ஆபீசில் முடிவு செய்திருக்கிறார்கள். அஞ்சலை வேலை செய்கிற ஆள், அவளை அனுப்ப மாட்டார்கள். வேண்டுமானால் என்னோடு வரலாம். வந்தால் எங்கே வருவாள்? உன் வாசலுக்கா? புதிதாக வந்தவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவா?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு இதை அவளிடம் கேட்டேன். நான் போய்விட்டால் இவள்மேல் உள்ள பேச்சு கொஞ்சமாவது அடங்குமோ என்ற நினைப்பு எனக்கு. அவள் மங்கு துடைத்துக்கொண்டிருந்தாள். பால் வடிகிற அந்தச் சின்னக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒட்டிய பாலை உரித்துப் போட்டுக்கொண்டே யோசித்தாள்.

"நீங்க போனா அவங்க சொன்னது நெசம்னு ஆயிரும் மாமா" என்றாள்.

"இருந்தா?"

"இருந்தாலும் ஆயிரும். அப்ப இருங்க."

திங்கட்கிழமை இரண்டு பேரும் ஆபீசுக்குப் போனோம். நான் தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தேன், அவள் கொஞ்சம் தள்ளிப் பின்னால் வந்தாள். வழியில் பார்த்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணியார் உனக்குத் தெரிந்த அதே ஆள்தான். நீ கப்பலேறும்போது உன் பெயரை எழுதியவர்.

"என்னய்யா, மூட்டை கட்டியாச்சா?" என்றார்.

"நான் போகலீங்க. இங்கயே இருந்துக்கிறேன்."

"இங்க உனக்கு யாரு சோறு போடுவா? தோட்டம் போடாது."

"மக போடுவாளுங்க."

கிராணியார் அஞ்சலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் காதுக்கும் எல்லாம் போயிருக்கும். "ஊர்ல மகன் இருக்கான்ல. மகன் இருக்கிறவன இங்க வச்சுக்க முடியாது, துரை கேப்பாரு" என்றார்.

"மகன் இல்லீங்க" என்றேன்.

"இல்லையா? நான்தானே எழுதி அனுப்புனேன்?"

"அப்ப இருந்தான். இப்ப இல்ல."

கெட்ட மனுஷன் இல்லை. மேற்கொண்டு என்னைக் குடையவில்லை. அவளைப் பார்த்து, "அப்ப உனக்கும் புருஷன் இல்லைன்னு எழுதிக்கவா?" என்று கேட்டார். நான் இதை யோசிக்கவே இல்லை, மகனே. உன்னை நான் சாகடித்தால் அவள் தாலி என்ன ஆகும் என்று என் கோபத்துக்குத் தோன்றவில்லை. என் வாயிலிருந்து பதில் வருவதற்கு முன்னால் அவளே பேசினாள்.

"எம் புருஷன் ஊர்ல இருக்காருங்க" என்றாள். "நல்லா இருக்காரு."

கிராணியார் என்னைப் பார்த்தார். எனக்கு மகன் இல்லை, என் மகளுக்குப் புருஷன் இருக்கிறான் என்று இரண்டையும் அப்படியே எழுதிக்கொண்டு எங்களைப் போகச் சொன்னார்.

திரும்பி வரும்போது அவளைத் திட்டினேன். இவ்வளவுக்கும் பிறகு அவனுக்கு எதற்குடி பரிந்து பேசுகிறாய் என்று நடுவழியில் நின்று கேட்டேன். "உங்களுக்கு மகன் வேணாம்னா அது உங்க இஷ்டம் மாமா. எனக்கு நான்தான சொல்லணும்" என்றாள். என் கையிலிருந்த தடி வழுக்கியது, பிடித்து நிறுத்தினாள்.

நான் உன்னை விட்டுவிட்டேன். அவள் இன்னும் விடவில்லை, ஏன் என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் பயமாக இருக்கிறது. நீ வரமாட்டாய் என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் பதில் எழுதுவதானால் அவள் பெயருக்கு எழுது. என் பெயருக்கு வருவதை நான் வாங்கமாட்டேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்ட வேண்டியிருக்கும், அதனால் பார்த்து எழுது.